ஐந்தாம் விதி: வைத்திருப்பவருக்கு நாற்பது, எடுப்பவருக்கு இருபத்தாறு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். சீசனின் பெரும்பகுதியில் ஒரு அணி ஆட்டத்துக்குக் கொண்டுவரக்கூடியது 26 பேரை. ஆனால் அந்த அணியோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மிச்சப் பேர் எங்கே இருக்கிறார்கள்? மைனர் லீக்கில். சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று நாலு படி. ஒவ்வொரு படியிலும் அணிக்கு ஒரு கிளை. சின்ன ஊர்கள், நீண்ட பஸ் பயணங்கள், சொற்பச் சம்பளம்.

இந்தப் படிகளில் ஒரு பையன் நல்லா ஆடுகிறான்னு வெச்சுக்குவோம். மேலே அவன் ஆட வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு அணியில் அதே இடம் காலி. இவன் அங்கே போகலாமா? முடியாது. வேலையை விட்டுட்டுப் போறேன்னு சொல்லலாம். ஆனால் வேறு எந்த மேஜர் லீக் அணிக்கும் ஆட முடியாது. ஒப்பந்தம் அப்படி.

அரிசியைப் பதுக்கினால் விலை ஏறும்போது எடுத்து விற்கலாம். மூட்டை அப்படியே இருக்கும். ஆளைப் பதுக்கினால் அவன் வயசு ஏறும். இருபத்து மூணு இருபத்து நாலாகும். பேஸ்பாலில் ஒருவனின் நல்ல வருஷங்கள் எண்ணி ஏழெட்டுதான். அதில் ரெண்டை ஒரு கிளை அணியில் உட்கார வைத்துக் கழித்தால் யாரும் அதைத் திருப்பித் தரப்போவதில்லை.

இதைத் தடுக்கத்தான் ஒரு விதி இருக்கிறது. லீக்கின் விதிப் புத்தகத்தில் அதன் வரிசை எண் ஐந்து; அதனால் பெயரே ‘ரூல் ஃபைவ் டிராஃப்ட்’. பேஸ்பால் ரசிகர்கள் இதைச் செல்லமாகப் பேசுவார்கள். கவனிக்கப்படாத இளைஞர்களுக்குக் கதவு திறந்துவிடும் விதி, பணக்கார அணிகளின் பதுக்கலை உடைக்கும் விதி என்று. பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றியது இந்தக் குறிப்பு. என் வாதம் சுருக்கமா இதுதான்: ஒருவனைப் பூட்டி வைக்க நாற்பது பேர் பட்டியலில் ஓர் இடம் போதும், அவனை விடுவித்து எடுத்துப்போக இருபத்தாறு பேர் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். இந்த ரெண்டு எண்களுக்கும் நடுவில்தான் விதியின் சூட்சுமம் மொத்தமும் இருக்கிறது.

விதி எப்படி வேலை செய்கிறது

ஒவ்வொரு அணிக்கும் ‘நாற்பது பேர் பட்டியல்’ என்று ஒன்று உண்டு. மேஜர் லீக்கில் ஆடும் 26 பேரும் அதற்குள் அடக்கம். மீதி இடங்களில் பெரும்பாலும் இளம் ஆட்டக்காரர்களைப் போட்டு வைப்பார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவரை வேறு அணி தொட முடியாது.

பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு கெடு. 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்துப் போட்டவருக்கு ஐந்து சீசன். 19 அல்லது அதற்கு மேல் என்றால் நாலு சீசன். அந்தக் கெடுவுக்குள் நாற்பதில் இடம் கொடுக்காவிட்டால், டிசம்பர் மாதம் நடக்கும் டிராஃப்டில் வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு என்ற வரிசையில் போகும். எடுக்கும் அணி பழைய அணிக்கு 1,00,000 டாலர் தர வேண்டும்.

இதுவரை நியாயமாகத்தானே இருக்கு? இனிதான் நிபந்தனை. எடுத்த அணி அடுத்த சீசன் முழுக்க அவரைத் தன் 26 பேரில் ஒருவராக வைத்திருக்க வேண்டும். மைனர் லீக்குக்கு அனுப்பக் கூடாது. அனுப்ப நினைத்தால் முதலில் மற்ற அணிகளுக்குக் காட்ட வேண்டும். யாரும் வேண்டாம் என்றால் பழைய அணிக்கே 50,000 டாலருக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். காயம் என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துச் சமாளிக்கலாமா என்றால் அதற்கும் ஒரு தாழ்ப்பாள்: குறைந்தது 90 நாள் ஆடும் பட்டியலில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் நிபந்தனை அடுத்த வருஷத்துக்கும் நீளும்.

மேலோட்டமாகப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ‘உன்னிடம் இடம் இல்லை, அவனிடம் இருக்கிறது, அப்படியானால் அவன் ஆட வைக்கட்டும்’ என்கிறது விதி. எடுத்தவனும் பதுக்கிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. இந்த முன்ஜாக்கிரதை எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பதுக்கலின் பழைய கதை

ஆரம்பத்தில் பதுக்கியவை பெரிய அணிகள் அல்ல என்பதுதான் வேடிக்கை. நூறு வருஷத்துக்கு முன்னால் மைனர் லீக் அணிகள் பெரும்பாலும் தனி முதலாளிகளின் கையில் இருந்தன. நல்ல ஆட்டக்காரனை வளர்த்து மேஜர் லீக்குக்கு விற்பது அவர்கள் தொழில். 1920-களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் லீக், மேலிடத்து டிராஃப்டிலிருந்து விலகி நின்றது. அதாவது, முதலாளி விற்க விரும்பினால் ஒழிய ஆட்டக்காரனை யாரும் எடுக்க முடியாது.

அந்த லீக்கில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் உரிமையாளர் ஜாக் டன். பேப் ரூத்தை 1914-இல் பாஸ்டனுக்கு விற்றவர் இவர்தான். இவரிடம் லெஃப்டி குரோவ் என்ற இடதுகை பிட்சர் 1920-இல் வந்து சேர்ந்தார். மேஜர் லீக்கில் எங்கே வேண்டுமானாலும் ஆடக்கூடியவர். டன் விடவில்லை. ஐந்து சீசன் வைத்திருந்தார். பால்டிமோர் 1919 முதல் 1925 வரை தொடர்ந்து ஏழு முறை லீக்கை வென்றது. கடைசியில் 1,00,600 டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார். 1925-இல் மேஜர் லீக்கில் முதல் பந்தை வீசும்போது குரோவுக்கு வயசு 25. அதற்குப் பிறகும் அவர் சரியாக 300 வெற்றிகள் பெற்றார். பால்டிமோரில் கழிந்த வருஷங்கள் அந்தக் கணக்கில் வராது.

டன் போன்றவர்களிடம் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாத ஒருவர், வேறு வழி கண்டுபிடித்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி. பின்னாளில் ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து நிறத் தடையை உடைத்தவர் என்று உலகம் அறிந்தவர். 1920-களில் அவர் செய்தது வேறு: விளைந்ததை வாங்குவதற்குப் பதில் நிலத்தையே வாங்குவது. மைனர் லீக் அணிகளை ஒவ்வொன்றாகத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். இதற்குப் பெயரே ஃபார்ம் சிஸ்டம், பண்ணை முறை. உச்சத்தில் கார்டினல்ஸ் கையில் 30-க்கும் மேற்பட்ட அணிகள், 600-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். மேலே இடம் இருந்ததோ இருபத்தைந்து பேருக்கு.

பேஸ்பாலின் கமிஷனராக இருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸுக்கு இது அறவே பிடிக்கவில்லை. 1938-இல், ஒரே லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைக் கார்டினல்ஸ் மறைமுகமாகக் கட்டுப்படுத்தியது என்று கண்டு, 70-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஒரே உத்தரவில் விடுதலை செய்தார். அதில் பீட் ரெய்சர் என்ற பையன் புரூக்ளினுக்குப் போய், 1941-இல் நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றான். வயசு 22. 1940-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியிடமிருந்தும் இப்படி 90 பேர் அளவுக்கு விடுவிக்கப்பட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லாண்டிஸ் கொடுத்த விடுதலையில் ஆட்டக்காரன் தனக்குப் பிடித்த அணியைத் தேர்ந்துகொண்டு பேரம் பேச முடிந்தது. ஐந்தாம் விதியில் அது கிடையாது. ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குப் போகிறான், அவ்வளவே.

நீதிமன்றத்தையும் ஒருவர் தட்டிப் பார்த்தார். ஜார்ஜ் டூல்சன், நியூயார்க் யாங்கீஸ் அணியின் பண்ணையில் இருந்த பிட்சர். நியூவர்க்கில் மேல்படியில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கீழ்ப்படிக்கு, பிங்ஹாம்டனுக்கு, போகச் சொன்னார்கள். மறுத்தார். வேறெங்கும் ஆட முடியாதபடி ஒதுக்கப்பட்டார். ‘யாங்கீஸிடம் ஆள் அதிகம் என்பதற்காக நான் ஏன் முடங்க வேண்டும், இது ஏகபோகம் இல்லையா’ என்பதுதான் வழக்கின் சாரம். 1953-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தள்ளுபடி செய்தது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-இல் சொல்லியாயிற்று, மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள். ஆக, வெளியிலிருந்து யாரும் கேட்கப்போவதில்லை. பதுக்கலைக் கட்டுப்படுத்த மிஞ்சியது முதலாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட விதிகள் மட்டும்.

கிளெமென்டே கதை உண்மையில் என்ன சொல்கிறது

ஐந்தாம் விதியைப் புகழ்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ராபர்டோ கிளெமென்டே. போர்ட்டோ ரிக்கோக்காரர். 1954 பிப்ரவரியில், 19 வயதில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை 10,000 டாலர் போனஸ் கொடுத்து எடுத்தது. மான்ட்ரியாலில் இருந்த கிளை அணிக்கு அனுப்பியது. அங்கே 87 ஆட்டங்களில் 148 அதிகாரபூர்வ பேட்டிங் வாய்ப்புகள்தான். மற்றவர்கள் கண்ணில் படாமல் வேண்டுமென்றே ஒளித்தார்கள் என்று ஒரு கதை உண்டு; அதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியோ, அந்த நவம்பரில் கடைசி இடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் ஆளாக அவரை எடுத்துக்கொண்டது. அப்போது பிட்ஸ்பர்க்கின் பொது மேலாளர் யார் தெரியுமா? பண்ணை முறையைக் கண்டுபிடித்த அதே பிராஞ்ச் ரிக்கி! கிளெமென்டே பிறகு 3,000 ஹிட் அடித்தார், 12 முறை கோல்ட் குளோவ் வாங்கினார், 1972-இன் கடைசி நாளில் நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணம் கொண்டுபோகும்போது விமான விபத்தில் இறந்தார்.

அருமையான கதை. ஆனால் இதை இன்றைய விதிக்குச் சான்றாகக் காட்டுவது சரியில்லை. கிளெமென்டே எப்படி ஒரே சீசனில் டிராஃப்டுக்கு வந்தார்? அந்தக் காலத்தில் ‘போனஸ் விதி’ என்று இன்னொன்று இருந்தது. 4,000 டாலருக்கு மேல் போனஸ் கொடுத்தால் அந்தப் பையனை ரெண்டு வருஷம் மேஜர் லீக் பட்டியலிலேயே வைக்க வேண்டும்; மைனருக்கு அனுப்பினால் சீசன் முடிந்ததும் அவன் டிராஃப்டுக்குத் திறந்துவிடப்படுவான். டாட்ஜர்ஸ் தெரிந்தே அந்த ஆபத்தை எடுத்தது, இழந்தது.

இன்றைய விதியை அவர்மேல் போட்டுப் பாருங்கள். 19 வயதில் கையெழுத்து. ஆகவே நாலு சீசன் பாதுகாப்பு. 1954, 55, 56 டிராஃப்டுகளில் அவர் பெயரே வராது. 1957 இறுதியில்தான் வரும். அதற்குள் டாட்ஜர்ஸ் நாற்பது பேர் பட்டியலில் போட்டுவிட்டால் அதுவும் கிடையாது. கிளெமென்டேயை விடுவித்தது இன்றைய ஐந்தாம் விதி இல்லை. அதைவிடக் கடுமையான, இன்று வழக்கொழிந்துபோன ஒரு விதி.

நாற்பதும் இருபத்தாறும்

இனி முக்கிய விஷயம். கெடு முடியும் நவம்பரில் ஓர் அணி என்ன செய்யும்? பையனை நாற்பது பேர் பட்டியலில் சேர்க்கும். உடனே அவன் மேஜர் லீக்கில் ஆட வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்கப்புறமும் மூணு சீசன் அவனை மைனருக்கும் மேலுக்கும் அனுப்பிக் கூப்பிடும் உரிமை அணிக்கு உண்டு. 21 வயதில், 2021-இல், கல்லூரியிலிருந்து வந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் நாற்பதில் சேர்ப்பார்கள். 2025, 26, 27 மூணு சீசனும் டிரிபிள் ஏ-யில் வைத்திருக்கலாம். அதற்குள் அவனுக்கு 27. பதுக்கலைத் தடுக்கும் விதி தன் கடமையை முழுசாச் செய்து முடித்த பிறகு இது!

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே பையனை வேறு அணி எடுத்தால் அவனை மைனருக்கு ஒரு நாள்கூட அனுப்ப முடியாது. 26 பேரில் ஓர் இடத்தை அவனுக்காக வருஷம் முழுக்க அடைக்க வேண்டும். ஜெயிக்கப் போராடும் அணிக்கு அது பெரிய விலை. ஒரு லட்சம் டாலர் அவர்களுக்குக் காசே இல்லை. அந்த ஒரு இடம்தான் விலை. இதனால் மேஜர் லீக் சுற்றில் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது பேர்தான் எடுக்கப்படுகிறார்கள். அதிலும் கணிசமானவர்கள் சீசன் முடிவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

யார் அந்த விலையைக் கொடுக்க முடியும்? ஜெயிக்கும் எண்ணமே இல்லாத அணி. 2017-இல் சான் டியேகோ பேட்ரெஸ் இப்படி மூணு பேரைச் சீசன் முழுக்க வைத்திருந்தது. அதில் ஆலன் கோர்டோபா, கார்டினல்ஸ் பண்ணையின் அடிமட்டமான ரூக்கி லீக்குக்கு மேல் ஆடியதே இல்லை. அங்கிருந்து நேராக மேஜர் லீக். பேட்டிங் சராசரி .208. அடுத்த வருஷம் நிபந்தனை முடிந்ததும் ஹை ஏ-க்கு இறக்கிவிட்டார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய வயசில் ஒரு வருஷம் அவர் தன்னைவிடப் பல படி மேலே இருந்தவர்களிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தார்.

வெற்றிக் கதைகளையே எடுத்துக்கொள்வோமே. யோஹான் சன்டானா, வெனிசுவேலாக்காரர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பாதுகாக்காமல் விட்டதால் 1999-இல் எடுக்கப்பட்டு மின்னசோட்டா ட்வின்ஸுக்கு வந்தார். 2000 சீசனில் பிட்ச்சிங் சராசரி 6.49. படுமோசம். அந்த வருஷத்தை எப்படியோ தாண்டினார். பிறகு 2002-இல் மின்னசோட்டா அவரை எட்மன்டனில் இருந்த டிரிபிள் ஏ அணிக்கு அனுப்பியது. அங்கேதான் அவருடைய புகழ்பெற்ற மெதுபந்து, சேஞ்ச் அப், கூர்மையானது. 2004-இலும் 2006-இலும் சை யங் விருது. முதல் வருஷம் அவருக்குத் தேவைப்பட்ட பயிற்சியை எந்த விதி தடுத்ததோ, அந்த விதியின் வெற்றியாக அவரைக் காட்டுகிறார்கள்.

ஷேன் விக்டோரினோ கதை இன்னும் தெளிவு. டாட்ஜர்ஸிடமிருந்து ரெண்டு முறை எடுக்கப்பட்டவர். 2002 டிசம்பரில் சான் டியேகோ எடுத்தது. சீசன் நடுவில் திருப்பி அனுப்பியது. 2004 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா எடுத்தது; பட்டியலில் இடம் இல்லாததால் திருப்பித் தர முன்வந்தது. டாட்ஜர்ஸ் வேண்டாம் என்றது. அந்த ஒரு ‘வேண்டாம்’ காரணமாகத்தான் ஃபிலடெல்ஃபியாவால் அவரை டிரிபிள் ஏ-க்கு அனுப்ப முடிந்தது. அங்கே 2005-இல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். 2008-இல் உலகத் தொடரை வென்ற அணியில் நடுக்களக் காவலர். விதி விலகி நின்றபோது அவர் வளர்ந்தார்.

ஜோசே பௌடிஸ்டா விஷயம் கேட்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். 2003 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கிடமிருந்து பால்டிமோர் எடுத்தது. 2004-இல் பால்டிமோர், டாம்பா பே, கான்சாஸ் சிட்டி, கணநேரம் நியூயார்க் மெட்ஸ், கடைசியில் மறுபடி பிட்ஸ்பர்க். ஒரே சீசனில் ஐந்து நிர்வாகம். அத்தனை சுற்றிலும் நூறு முறைகூட மட்டையோடு நிற்கவில்லை. ஆறு வருஷம் கழித்து 2010-இல் டொரான்டோவுக்காக 54 ஹோம் ரன் அடித்தவர் இவர்தான்.

அந்தப் பக்கத்து நியாயம்

விதியைத் தாங்கிப் பேசுபவர்களிடமும் வலுவான வாதங்கள் இருக்கின்றன. முதலாவது: டிசம்பரில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று எண்ணுவது தப்பு, நவம்பரைப் பாருங்கள் என்பார்கள். கெடு நெருங்கும்போது அணிகள் பயந்துபோய் இளைஞர்களை நாற்பதில் சேர்க்கின்றன. இடம் போதாத அணி உபரி ஆட்களை வேறு அணிக்கு மாற்றிக்கொள்கிறது. விதியின் நிழல்தான் வேலை செய்கிறது, விதி இல்லை. இது உண்மை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2020-இல் யாங்கீஸ் காயத்திலிருந்து மீண்டுவந்த காரெட் விட்லாக்கைப் பாதுகாக்காமல் விட்டது, பரம வைரியான பாஸ்டன் எடுத்துக்கொண்டது, 2021-இல் 1.96 சராசரியோடு கலக்கினார். இப்படி ஒன்று நடந்தால் அடுத்த நவம்பரில் முப்பது அணிகளும் கொஞ்சம் கூடுதல் கவனமாகத்தான் இருக்கும்.

ரெண்டாவது வாதம்: பயிற்சிக்குக் காசு போட்டவனுக்குப் பலன் வேண்டாமா? நாலு வருஷம் வளர்த்ததை எவனோ சும்மா கொத்திக்கொண்டு போவதென்றால் யார் வளர்ப்பார்கள்? இதிலும் நியாயம் உண்டு. ஆனால் கணக்குப் போடுங்கள். நாலைந்து வருஷப் பாதுகாப்பு, அதன்மேல் நாற்பது பேர் பட்டியல், அதன்மேல் மூணு வருஷம் மேலும் கீழும் அனுப்பும் உரிமை, மேஜர் லீக்குக்கு வந்த பிறகு சுதந்திரச் சந்தைக்குப் போக ஆறு வருஷம். வளர்த்தவனுக்குப் பலன் கிடைக்கவில்லை என்று எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

மூணாவது: 26 நிபந்தனையை எடுத்துவிட்டால் பணக்கார அணிகளே எல்லாரையும் அள்ளித் தங்கள் பண்ணையில் போட்டுக்கொள்ளும். பதுக்கல் இடம் மாறும், அவ்வளவுதான். நல்ல கேள்வி. ஆனால் அதற்குத் தீர்வு 26-இல் இல்லை, 40-இல் இருக்கிறது. எடுத்தவரை நாற்பது பேர் பட்டியலில் வைத்தே ஆக வேண்டும், ஒரு வருஷத்துக்கு நீக்கக் கூடாது என்று சொன்னால் போதும். நாற்பது என்பது எல்லா அணிக்கும் ஒரே நாற்பது. யாங்கீஸுக்கு நாற்பத்தைந்து கிடையாது. எந்த அளவுகோலால் வைத்திருப்பவன் பூட்டுகிறானோ, அதே அளவுகோலால் எடுப்பவனும் பூட்டைத் திறக்கட்டும்.

மேசையில் யார் இருந்தார்கள்

இவ்வளவு வெளிப்படையான ஏற்றத்தாழ்வு ஏன் இத்தனை காலம் நீடிக்கிறது? விதி எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் புரியும்.

மேஜர் லீக் ஆட்டக்காரர் சங்கம் அமெரிக்காவின் மிக பலமான தொழிற்சங்கங்களில் ஒன்று. ஆனால் 2022 வரை அது பிரதிநிதித்துவம் செய்தது நாற்பது பேர் பட்டியலில் இருந்தவர்களை மட்டும். ஐந்தாம் விதியோ அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியது! யாருக்காக விதி இருக்கிறதோ அவர்களுக்கு அங்கே நாற்காலியே இல்லை. 2006 ஒப்பந்தத்தில் பாதுகாப்புக் காலம் மூணு–நாலு சீசனிலிருந்து நாலு–ஐந்தாக, ஒரு வருஷம் கூட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் ஒரு வருஷம், அவர்கள் ஓட்டுப்போடாத ஒப்பந்தத்தில் கைமாறியது. 2021 டிசம்பரில் முதலாளிகள் கதவடைப்பு அறிவித்தபோது மேஜர் லீக் சுற்று ரத்தே ஆனது. அந்த வருஷம் கெடு முடிந்து காத்திருந்தவர்களுக்கு அந்த டிசம்பர் போனது போனதுதான்.

இதெல்லாம் வெறும் விதி நுணுக்கமா என்று தோன்றலாம். சம்பளத்தைப் பாருங்கள். 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்து போட்ட முதல் ஒப்பந்தத்தில் டிரிபிள் ஏ-யின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. 2024-இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,40,000 டாலர். கிட்டத்தட்ட இருபது மடங்கு. ஒரே திறமை, ஒரே மனிதன். மேலே ஓர் இடம் இருக்கும் அணியில் இருக்கிறானா, இல்லாத அணியில் இருக்கிறானா என்பதுதான் வித்தியாசம். சன்டானா போல ஆகாத, விக்கிபீடியாவில் பெயர் வராத ஒருவனுக்கு மேஜர் லீக்கில் ஒரே ஒரு சீசன் கிடைத்தால்கூட அது வீட்டுக் கடனை அடைக்கும் காசு.

சங்கத்தில் சேர்ந்த உடனே மாற்றம் தெரிந்ததையும் கவனியுங்கள். 19 வயதிலோ அதற்கு மேலோ கையெழுத்துப் போடுபவர்களை அணி கட்டி வைக்கும் காலம் 2024 முதல் ஏழிலிருந்து ஆறு வருஷமாகக் குறைந்தது. அதே ஒப்பந்தத்தில் முதலாளிகளும் ஒன்று வாங்கிக்கொண்டார்கள்: அமெரிக்க மண்ணில் ஓர் அணி வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர் பட்டியல் 180-லிருந்து 165-ஆகச் சுருங்கலாம் என்று. பதுக்கல் குறைந்தது, கூடவே வேலையும் குறைந்தது. பதுக்கலுக்கு எதிராக நாம் பேசும்போது இந்தப் பள்ளத்தையும் பார்த்து நடக்க வேண்டும். ஆளைக் குறைப்பது பதுக்கலுக்குத் தீர்வு இல்லை. போக வழி விடுவதுதான் தீர்வு.

ஜப்பான் செய்து பார்த்தது

ஜப்பானின் தொழில்முறை பேஸ்பாலில் 12 அணிகள். அங்கும் இதே நோய் உண்டு. ஓர் அணி முறையாகப் பதிவு செய்துகொள்ள 70 பேர்தான் வரம்பு. ஆனால் ‘வளர்ப்பு ஆட்டக்காரர்’ என்ற பெயரில் அதற்கு வெளியே எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஃபுகுவோகாவின் சாஃப்ட்பேங்க் அணி இதை வைத்து மூணாவது, நாலாவது அணி வரை கட்டியிருக்கிறது.

2022 டிசம்பரில் அங்கே ‘நடப்பு ஆட்டக்காரர் டிராஃப்ட்’ தொடங்கினார்கள். வாய்ப்புக் கிடைக்காமல் இருக்கும் குறைந்தது ரெண்டு பேரை ஒவ்வோர் அணியும் தானே பட்டியலிட வேண்டும். ஒவ்வோர் அணியும் குறைந்தது ஒருவரை இழந்து, ஒருவரை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தவரை முதல் அணியில் வருஷம் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் வருஷமே யோகோஹாமாவிலிருந்து சுனிச்சி போன செய்யா ஹோசோகாவா 2023-இல் 24 ஹோம் ரன் அடித்தார். சாஃப்ட்பேங்கிலிருந்து ஹான்ஷின் போன பிட்சர் கோட்டாரோ ஓட்டாகே 12 ஆட்டங்களை வென்றார். ஹான்ஷின் அந்த வருஷம் 1985-க்குப் பிறகு முதல்முறையாக ஜப்பான் தொடரை வென்றது.

இதிலும் ஓட்டை இருக்கிறது. பட்டியலை அணியே தயாரிப்பதால், உண்மையில் பூட்டி வைக்க நினைப்பவரை அது எழுதப்போவதில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அமெரிக்காவை முந்திவிட்டது: நகர்த்துவதை விதிவிலக்காக வைக்காமல் கடமையாக வைத்திருக்கிறார்கள். செலவும் எடுத்தவன் தலையில் மட்டும் விழவில்லை.

என்ன மாறலாம்

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். மூணே திருத்தம். ஒன்று, எடுத்தவரை 26-இல் வைக்கும் நிபந்தனையை 40-க்கு மாற்றுவது. ரெண்டு, 2006-இல் கூட்டிய ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுப்பது. மூணு, திருப்பி அனுப்பப்படும் ஆட்டக்காரனுக்குப் பழைய அணிக்கே போவதா, சந்தைக்கு வருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தருவது. ஒருமுறை பட்டியலில் இடம் தராமல் விட்ட அணிக்கு, 50,000 டாலரில் அவனை மறுபடி வாங்கும் முன்னுரிமை எதற்கு?

மேஜர் லீக்கின் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கும்தான். அது முடிகிற நேரத்தில் ஊடகங்கள் எல்லாம் சம்பள உச்சவரம்பு பற்றித்தான் பேசும். கோடிகள் அங்கேதான் இருக்கின்றன. ஐந்தாம் விதி பற்றி எங்காவது ஒரு பின்னிணைப்பில் ரெண்டு வரி வரலாம், வராமலும் போகலாம். மைனர் லீக்காரர்கள் சங்கத்துக்குள் வந்த பிறகு நடக்கும் முதல் பெரிய பேரம் இது. அந்த ரெண்டு வரியில் நாற்பது, இருபத்தாறு என்ற எண்கள் எப்படி வருகின்றன என்று நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.